பழைய லேத்தும் புதிய தளமும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



மே மாதம் முதல் நாளை உலகம் உழைப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறது. அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். சூசையப்பரின் கையில் இருந்தவை தச்சரின் கருவிகள். நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதோ லேத். எனவே இன்று ஒரு லேத்தைப் பற்றி, அதுவும் ஒரு பழைய லேத்தைப் பற்றி, உங்களோடு பேச விரும்புகிறோம்.

லேத்தைத் தமிழில் கடைசல் இயந்திரம் என்கிறோம். துளை போடும் இயந்திரத்தில் கருவி சுழலும். பொருள் அசையாமல் இருக்கும். லேத்தில் அப்படியே தலைகீழ். பொருள் சுழலும்; கருவி அதன் ஓரமாக நகர்ந்து நகர்ந்து சீவும். பம்பின் தண்டும், மோட்டாரின் புஷ்ஷும், மரையாணியும் இப்படித்தான் உருவாகின்றன. இரும்பில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தை 1800-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற பட்டறைக்காரர் செம்மைப்படுத்தினார். மற்ற இயந்திரங்களைச் செய்வதற்கே இந்த இயந்திரம் வேண்டும் என்பதால் இதை இயந்திரங்களின் தாய் என்று சொல்வார்கள். நம் ஊரில் 1888-ல் பஞ்சாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கிணறுகளுக்குப் பம்ப் வந்தது. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யத் தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரே ஒரு லேத், அதை நம்பி நான்கு வயிறுகள் என்று எத்தனை குடும்பங்களை நாம் அறிவோம்!

அப்படி ஒரு குடும்பத்தின் கதை இது.

நம் பங்கைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் பம்ப் செய்யும் ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்தார். ஆலையில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆறு மாதம் வேலை தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டுக் குடிக்கத் தொடங்கினார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். "சொல்லுங்க சாமி, நாலு பேருக்கு உதவுமுங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றி அப்போது நாம் என்ன பேசினோம்? "ஆளு தேஞ்சு போயிட்டாருங்க, இனித் தேற மாட்டாரு" என்று பேசினோம். திருவிழாக் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்தோம். கேட்டவர்களிடம், "அவர்தான் வருவதில்லையே" என்றோம். ஏன் வருவதில்லை என்று அவர் வீட்டுப் படியேறி நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

ஒரு நாள் அவருடைய மனைவி பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் நகைக்கடன் ரசீது. "தாலியத் தவிர மத்ததெல்லாம் அடகு வெச்சுட்டனுங்க சாமி. எம்பதாயிரம் வந்துச்சு. வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய லேத்து போட்டுக் குடுத்தா அவரு எந்திரிச்சுருவாருங்க. ஆனா வாங்கறப்ப ஏமாந்துட்டா, இன்னொரு எம்பதாயிரம் எங்ககிட்ட இல்லீங்க" என்றார்.

ஏமாறாமல் வாங்க வேண்டும். இரும்புச் சாமானில் நமக்கு என்ன தெரியும்? எழுபது வயது கடந்த, ஓய்வுபெற்ற பட்டறை மேஸ்திரி ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். அவரையும் அந்தச் சகோதரரையும் கூட்டிக்கொண்டு பழைய இயந்திரங்கள் விற்கும் ஓர் இடத்துக்குப் போனோம்.

அங்கே பளபளவென்று ஒரு லேத் நின்றது. புதுப் பச்சைப் பெயிண்ட். விலை எழுபத்தைந்தாயிரம். பார்த்தவுடன் நமக்குப் பிடித்துவிட்டது. மேஸ்திரி பெயிண்டைப் பார்க்கவே இல்லை. லேத்தின் முதுகெலும்பு போல நீளமாக ஒரு பாகம் இருக்கிறதே, அதற்குப் பெட் என்று பெயர். கருவியைச் சுமந்து செல்லும் கேரேஜ் அதன்மேல்தான் ஓடும். பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகே, பெட்டின் ஓரத்தில் மேஸ்திரி விரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். நகம் ஒரு சிறு படியில் தட்டியது. கேரேஜ் ஓடி ஓடித் தேய்ந்த இடத்துக்கும் அது தொடாத ஓரத்துக்கும் இடையே உள்ள படி அது.

பிறகு கேரேஜைச் சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, சற்றே இறுக்கமாக ஓடும்படி திருகை முடுக்கினார். "இப்ப அந்தக் கடைசிக்குத் தள்ளுங்க" என்றார். பாதி தூரம் போய்க் கேரேஜ் இறுகி நின்றுவிட்டது. காரணம் எளிது. லேத்தில் பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடக்கிறது. அங்கேதான் பெட் அதிகம் தேயும். தேய்ந்த இடத்துக்கு ஏற்ப முடுக்கினால் தேயாத இடத்தில் பிடிக்கும். தேயாத இடத்துக்கு ஏற்பத் தளர்த்தினால் வேலை நடக்கும் இடத்தில் ஆட்டம் காணும். பெயிண்ட் இதை மறைக்கலாம், மாற்ற முடியாது. விற்பவரிடம் மேஸ்திரி சண்டை போடவில்லை. "வேற பாக்கறமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மூன்று வாரம் தேடிய பிறகு, பூட்டிக் கிடந்த ஒரு சிறு பட்டறையில் நாலரை அடி லேத் ஒன்று கிடைத்தது. பட்டறைக்காரர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கூரை ஒழுகி, லேத் முழுவதும் செந்நிறமாகத் துருப் பிடித்திருந்தது. பார்க்கவே மனம் வரவில்லை. அவருடைய மனைவி, நாங்கள் கேட்பதற்கு முன்பே, "சாமான் நல்லா இருக்குமுங்க. ஆனா உள்ள ஒரு கியர்ல ரெண்டு பல்லு போயிருச்சுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாருங்க. அதையும் பாத்துக்கோங்க" என்றார்.

மேஸ்திரி மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சக்குக்கு அருகே பெட்டைத் துடைத்தார். நகத்தை ஓட்டினார். நகம் தட்டவில்லை. சக்கில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து, ஸ்பிண்டிலின் மேல் டயல் காஜை வைத்து, கட்டையை மேலே நெம்பிப் பார்த்தார். முள் மிகக் கொஞ்சமே அசைந்தது, பேரிங் கெடவில்லை. கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பினார். கால் சுற்று சும்மா சுற்றியது. "பேக்லாஷ் இருக்குது. இருந்துட்டுப் போகுது. எப்பவும் ஒரே பக்கமிருந்து முன்னால வந்து அளவெடுத்தாத் தப்பு வராது" என்றார். மரை வெட்டத் தேவையான கியர்கள் எல்லாம் இருக்கின்றனவா, இரண்டு சக்குகளும் இருக்கின்றனவா என்று எண்ணினார். இவற்றைப் பிறகு தனித்தனியாக வாங்கப் போனால் லேத்தை மலிவாக வாங்கியதில் மிஞ்சிய பணமெல்லாம் அதிலேயே போய்விடும். கடைசியில் உள்ளே கையை விட்டு அந்தக் கியரைத் தடவினார். இரண்டு பற்கள் இல்லை. "அந்தம்மா சொன்னது நெசந்தானுங்க" என்றார். ஐம்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கினோம். மீதி இருபத்தெட்டாயிரத்துக்குள் வண்டி வாடகை, மோட்டார், கியர், பெல்ட், எண்ணெய் எல்லாம் அடங்க வேண்டும்.

அதன்பின் மூன்று மாதம் அந்த வீட்டின் பின்புறம்தான் எங்கள் மாலை நேரம் கழிந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் சகோதரரின் மகன் கைபேசியில் படம் எடுத்தான். அவன் ஐடிஐ மாணவன். திருகுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்தார்கள். எங்களில் ஒருவர் ஆர்வத்தில் உப்புத்தாளை எடுத்துப் பெட்டின் மேல் கை வைத்தபோது மேஸ்திரி தடுத்துவிட்டார். உப்புத்தாளிலிருந்து உதிரும் பொடி பெட்டுக்கும் கேரேஜுக்கும் இடையே போய் ஒளிந்துகொள்ளும். துரு போன பிறகும் அது ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். பல் போன கியருக்குப் பதிலாகப் புதிய கியர் வெட்டி வாங்கினோம். வீட்டு மின் இணைப்பில் பட்டறை ஓட்டக்கூடாது என்பதால் தொழிலுக்கென்று தனி இணைப்புக்கு முறைப்படி விண்ணப்பித்தோம்.

லேத் நிற்பதற்குக் கொட்டகையில் கான்கிரீட் தளம் வேண்டும். அதை நம் பங்கு இளைஞர்கள் போட்டுத் தந்தார்கள். ஒரு சனிக்கிழமை, ஒரே நாளில், பாட்டும் சிரிப்புமாக வேலை முடிந்தது. நாங்களும் இரண்டு சட்டி கலவை எடுத்துக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் அவர்களைப் பாராட்டினோம். கைதட்டினீர்கள்.

லேத்தைத் தளத்தில் ஏற்றிப் பூட்டி, மோட்டாரை ஓடவிட்ட அன்று மாலை மேஸ்திரி வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். பொறுக்க முடியாமல் சோதனையை நாங்களே நடத்தினோம். சோதனை இதுதான். சக்கில் ஒரு கெட்டியான இரும்புத் தண்டைப் பிடிக்க வேண்டும். அதன் மறுமுனைக்குத் தாங்கல் கொடுக்கக் கூடாது. தண்டின் இரண்டு முனைகளிலும் வளையம் போல ஒரு மேட்டை விட்டு, நடுப்பகுதியை ஒடுக்கிவிட வேண்டும். பிறகு கருவியின் அமைப்பைத் துளியும் மாற்றாமல் இரண்டு மேடுகளையும் மெல்லிசாகச் சீவி, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். லேத் நேராக இருந்தால் இரண்டும் ஒரே அளவு காட்டும்.

காட்டவில்லை. இரண்டுக்கும் 0.07 மில்லிமீட்டர் வேறுபாடு. ஒரு தலைமுடியின் கனம்தான். ஆனால் பம்பின் தண்டில் பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு தலைமுடி பிசகினால் அந்தத் தண்டை யாரும் வாங்க மாட்டார்கள். மறுபடி சீவினோம், மறுபடி அதே வேறுபாடு. சகோதரர் மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தார். "பெட்டு போயிருச்சுங்க சாமி. தேஞ்ச மெஷின வாங்கிட்டமுங்க" என்றார். நாங்களும், "ஆமாம், தேய்ந்துதான் இருக்கிறது" என்றோம். அவர் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்றிரவு சகோதரர் வீட்டுக்கு வரவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்போம். இரண்டு பேர் ஒத்துச் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர், மட்டமான இரும்புத் தகடு செய்யும் முறையை 1840-ல் அறிஞர் அவையில் விளக்கினார். ஒரு தகட்டில் நிறத்தைப் பூசி இன்னொன்றின்மேல் வைத்துத் தேய்த்தால் மேடான இடங்களில் மட்டும் நிறம் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்ட வேண்டும். இப்படிச் செய்துகொண்டே போனால் இரண்டு தகடுகளும் முழுமையாகப் பொருந்திவிடும். ஆனால் அவை மட்டமாக இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் கச்சிதமாகப் பொருந்துமே! அதனால் மூன்றாவது தகடு வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் பொருந்தினால்தான் மூன்றும் மட்டம். அன்று மாலை நாங்கள் இரண்டு தகடுகளாக இருந்தோம். அவர் மனம் உடைந்திருந்தார், நாங்கள் அவசரப்பட்டோம். கச்சிதமாகப் பொருந்தினோம். இருவரும் தவறாக இருந்தோம்.

மூன்றாவது தகடு இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து வந்தது. மேஸ்திரி அளவுகளைக் கேட்டார். லேத்தைத் தொடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். "ஏனுங்க சாமி, மெஷின வைய்யறதுக்கு முன்னால அது நிக்கற எடத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் பார்க்கவில்லை.

தாம் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவைத்திருந்த, மிக நுண்ணிய ரசமட்டத்தைக் கொண்டுவந்து பெட்டின் குறுக்கே வைத்தார். சக்குப் பக்கத்தில் குமிழி ஒரு புறம் நின்றது. கடைசிப் பக்கத்தில் வைத்தால் எதிர்ப்புறம் ஓடியது. பெட் முறுக்கிக்கொண்டு நின்றது. "வார்ப்பிரும்பு முறுக்குமா?" என்று கேட்டோம். முறுக்கும். அரை டன் எடையை நான்கு கால்களில் ஏற்றி, ஒரு கால் மட்டும் தாழ்ந்துபோனால், இரும்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கிக்கொள்ளும். அப்போது கருவி நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு கோணலாகப் போகும். கடைசிப் பக்கத்துக் கால் ஒன்றின் கீழே தளத்தில் முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்த மூலையில் மண்ணை நன்றாகத் திம்மிசு போட்டு இடிக்காமல், அவசரத்தில் மேலே கலவையைக் கொட்டியிருந்தோம். எடை ஏறியதும் மூலை இறங்கிவிட்டது.

லேத் தேயவில்லை. நாம் போட்ட தளம் சரியில்லை.

அந்தச் செய்தியைச் சொல்லச் சகோதரரைத் தேடிப் போனோம். ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "தப்பு மெஷின்ல இல்லைங்க. நாங்க போட்ட தரையில" என்று மேஸ்திரி சொன்னார். அவர் நம்பவில்லை. வந்து ரசமட்டத்தைத் தம் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார். மூலையை உடைத்து, மண்ணை இடித்து, மறுபடி கலவை போட்டோம். இந்த முறை ஒரே நாளில் முடிக்கவில்லை. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரம் ஆறவிட்டோம். பிறகு கால்களுக்குக் கீழே மெல்லிய தகடுகளைக் கொடுத்து, ரசமட்டத்தைப் பார்த்துப் பார்த்து, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். மறுபடி இரண்டு மேடுகளையும் சீவினார்கள். இப்போது வேறுபாடு 0.01 மில்லிமீட்டர். சகோதரர் மைக்ரோமீட்டரைத் தம் மனைவியின் கையில் கொடுத்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புக்குரியவர்களே, தொடக்கத்தில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோம் அல்லவா? "ஆளு தேஞ்சு போயிட்டாரு" என்ற நம்முடைய பேச்சு. எந்த அளவுகோலால் அளந்து அப்படிச் சொன்னோம்? அவர் வேலை கோணலாகப் போனதைப் பார்த்தோம். அவர் எதன்மேல் நிற்கிறார் என்று குனிந்து பார்த்தோமா? இருபது ஆண்டு வேலை ஒரே நாளில் போயிற்று. நண்பர்கள் விலகினார்கள். கோயிலிலும் பெயரை எடுத்தோம். ஒவ்வொரு மூலையாக நாம் இறக்கிவிட்டு, அவர் ஏன் நேராக நிற்கவில்லை என்று கேட்டோம். "இவர் இப்படித்தான்" என்று நாம் அனைவரும் ஒத்துச் சொன்னோம். நமக்குள் மூன்றாவது தகடாக இருந்தவர் ஒருவர் மட்டுமே: தம் நகையை அடகு வைத்த அந்தப் பெண்.

இதைக் கேட்டுவிட்டு, தவறு எப்போதும் தரையில்தான், ஆளிடம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பச்சை லேத்தில் தேய்மானம் இருந்தது உண்மை. இந்த லேத்திலும் இரண்டு பல் போயிருந்தது உண்மை. அந்தப் பெண்மணி அதை மறைக்காமல் சொன்னதால்தான் மாற்ற முடிந்தது. பேக்லாஷ் இன்னும் இருக்கிறது. அதை அறிந்து வேலை செய்கிறார்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: தேய்ந்தது என்று தீர்ப்பு எழுதும் முன், அது நிற்கும் தளத்தைப் பாருங்கள். அந்தத் தளத்தைப் போட்டவர்களில் நாமும் இருக்கிறோமா என்று பாருங்கள்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளை, அடிக்கடி கோபப்படும் மருமகள், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்ட பெரியவர் என்று நம் வீடுகளிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாமும் இன்னொருவரும் ஒத்துப்போய் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருப்போம். இந்த வாரம் ஒரு மூன்றாவது தகட்டைத் தேடுவோம். தீர்ப்பை ஒரு புறம் வைத்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்ப்போம்.

அந்த லேத் இப்போது ஓடுகிறது. பம்ப் பழுது பார்ப்பவர்கள் புஷ்ஷும் தண்டும் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். மகன் மாலையில் அப்பாவோடு நிற்கிறான். சக்குச் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது என்பதுதான் அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். மோட்டாரைப் போட்டால் அந்தச் சாவி தோட்டா போலப் பாயும். அடகு வைத்த நகையில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. முழுதும் இன்னும் வரவில்லை.

"அவர் குடியை அடியோடு விட்டுவிட்டாரா?" என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு மேஸ்திரி சொன்னதையே சொல்கிறோம். லேத் நேரான அன்று, எல்லாம் முடிந்தது என்று நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "புதுத் தளமுங்க, இன்னும் உக்காரும். மாசம் ஒருக்கா வந்து ரசமட்டம் வெச்சுப் பாக்கோணும். பாக்காம உட்டுட்டு, அப்பறம் மெஷினக் கொற சொல்லக் கூடாது."

அந்தச் சகோதரரின் பெயரைத் திருவிழாக் குழுவில் மறுபடி சேர்த்திருக்கிறோம். மாதம் ஒரு முறை அவர் வீட்டுப் படியேறவும் முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் வாருங்கள்.

உழைக்கும் கைகளையும், அந்தக் கைகளை நம்பியிருக்கும் இல்லங்களையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.